வடக்கே பார்த்த கம்பம்

சவிரி அண்ணையின் நாடகத்தை நிறுத்தியவன் நான்தான். ஒரு பொய்யால் நிறுத்தினேன். இதை இதுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணம் குருநகரில், எங்கள் ஒடுங்கிய ஒழுங்கையில் ரீவி இருந்தது என் வீட்டில் மட்டும். முற்றத்தில் பழைய பாய்மரத்தை நட்டு, உச்சியில் அன்ரனாவைக் கட்டியிருந்தேன். வடக்கே திருப்பினால் இந்தியா தெரியும். தெற்கே திருப்பினால் கொழும்பு. சனத்துக்கு இந்தியாதான் வேண்டும். பாட்டும் படமும் அங்கேதானே!

ஆனால் புதன்கிழமை பின்னேரம் கம்பம் தெற்கே திரும்பும். யாரும் சொல்லத் தேவையில்லை. மீன்பிடித்துவிட்டுக் கடலால் வந்த பெடியள் தாங்களாகவே திருப்பிவிடுவார்கள். அன்றைக்குச் சவிரி அண்ணையின் நாடகம்.

அவர் எங்கள் ஒழுங்கைக்காரர். கடல் தொழிலை விட்டுவிட்டு, நடிக்கவென்று கொழும்புக்குப் போனவர். படகை விற்பதா வேண்டாமா என்று தவிக்கும் மீனவனாக வருவார். என்ன நடிப்பு! அழமாட்டார். கத்தமாட்டார். கிழிந்த வலையை முடிந்து பொத்திக்கொண்டு இருப்பார். கண் கடலில் இருக்கும். விரல் தானாக முடிச்சுப் போடும். எங்கள் விரல் அது! முற்றம் நிறைந்த சனத்தில் ஒருவர் இருமமாட்டார். அடுப்பில் குழம்பு தீய்ந்தாலும் என் மனிசி எழும்பமாட்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை கொழும்பிலிருந்து ஒருவர் வந்தார். சனம் எந்த நிகழ்ச்சியைப் பார்க்கிறது என்று வீடு வீடாகக் கேட்கிறாராம். பார்க்க நல்ல மனிதர்.

“ரீவி உங்கடையோ?”

“ஓம்.”

“எத்தினை பேர் கூடிப் பாக்கிறவை?”

அந்த நாளில், எங்கள் ஊரில், தெரியாத ஒருவர் வந்து எத்தனை பேர் கூடுகிறீர்கள் என்று கேட்டால்... நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்? ஆமி பிடித்துப்போகுமென்று நாலு பெடியள் சேர்ந்து நிற்கவே பயந்த காலம் அது.

“ஒருத்தரும் வாறேல்லை. நானும் மனிசியும்தான்.”

“புதன்கிழமை நாடகம் பாக்கிறனீங்களோ?”

பார்க்கிறோம் என்றால் ஆரோடு என்று கேட்பாரே!

“இல்லை.”

அவர் நிமிர்ந்து கம்பத்தைப் பார்த்தார். அது வடக்கே பார்த்துக்கொண்டு நின்றது.

“நீங்களும் இந்தியாதானோ?” என்று சிரித்தார்.

“ஓம்,” என்றேன்.

அவர் ஆறுதலாக, மெல்ல நடந்துதான் போனார். ஓடிப்போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஏன் போகவில்லை? பயமா? அந்த முகத்தில் சூது இல்லையென்று அப்போதே எனக்குத் தெரிந்ததே...

சில மாதத்தில் நாடகம் பாதியில் நின்றது. அந்த மீனவன் படகை விற்றானா இல்லையா, ஒருவருக்கும் தெரியாது.

சவிரி அண்ணை ஊருக்குத் திரும்பினார். பின்னேரம் என் வீட்டுக்கு வந்தவர் படலையிலேயே நின்றுவிட்டார். முற்றம் முழுக்க ரீவி பார்க்க வந்த சனம்.

“இவ்வளவு சனமுமோ என்ரை நாடகத்தைப் பாத்தது?”

“பின்னை?” என்றாள் மீன் விற்கும் திரேசா அக்கா. “படகை வித்தனியோ இல்லையோ, முதல் அதைச் சொல்லடா!”

சனம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

“யாழ்ப்பாணப் பக்கம் ஒரு சனமும் பாக்கிறேல்லை எண்டுதானே நிப்பாட்டினவங்கள்...”

நான் குனிந்துகொண்டேன்.

என் ஒரு சொல்லால் மட்டும் நின்றிருக்காது என்று மனம் சொல்லும். இருக்கலாம். மற்ற ஒழுங்கைகளிலும் பயத்தில் இப்படித்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் என் சொல்லுக்கு நான்தானே ஆள்!

அவர் பிறகு நடிக்கவில்லை. என் படகில்தான் தொழிலுக்கு வந்தார். ஒரு நாளும் ஒருவரையும் குறை சொன்னதில்லை. அப்படியொரு மனிதர்! அவர் வலை பொத்த இருந்தால், இன்றும் நான் கைவேலையை விட்டுவிட்டு அந்த விரலையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

“தம்பி, நீ கம்பம் நட்டபடியாத்தான் எங்கடை சனம் என்னைப் பாத்தது,” என்பார். “உன்னை மறக்கமாட்டன்.”

நான் ஓம் என்பேன்.

அன்றைக்குக் கொழும்பிலிருந்து வந்த மனிதருக்கும் அதைத்தான் சொன்னேன்.