பின்கதவு, மிஸ்ஸி

எங்கள் வீட்டில் எலுமிச்சம்பழம் வாங்கினால் அது ஊறுகாய்க்குத்தான். வாசலில் கட்டவோ, திருஷ்டி கழித்து முச்சந்தியில் நசுக்கவோ ஒரு பழம்கூட வீணானதில்லை. அப்பா கறுப்புச் சட்டைக்காரர். மயிலாப்பூரில் கோயில் மணி கேட்கிற தூரத்தில் குடியிருந்துகொண்டே, அமாவாசையன்று வேண்டுமென்றே மீன் வாங்கிவரச் சொல்வார். நானும் நர்ஸ் வேலைக்குப் போனவள். எத்தனையோ பேருக்குக் கண்ணை மூடி, தாடையைத் துணியால் கட்டி அனுப்பியிருக்கிறேன், ஒருத்தரும் எழுந்து வந்து என்னிடம் பேசியதில்லை. அதனால் ஆவி, அமானுஷ்யம் என்று யாராவது ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுவேன். நீங்களும் இப்போது எழுந்து போகலாம், தப்பாக நினைக்க மாட்டேன். ஆனால் உட்கார்ந்தால் முழுக்கக் கேட்டுவிட்டுப் போங்கள்.

எழுபதுகளின் முதல் பாதி. அரசு ஆஸ்பத்திரியிலிருந்து என்னைக் கோடம்பாக்கத்தில் ஒரு முகாமுக்கு டெபுடேஷனில் போட்டார்கள். முகாம் என்றதும் கூடாரம், மைதானம் என்று நினைக்காதீர்கள். பாதி மூடிக்கிடந்த ஒரு சினிமா ஸ்டூடியோவில் ஒரு படப்பிடிப்புத் தளம், ஃப்ளோர் என்பார்கள், அதுதான் முகாம். இலங்கையிலிருந்து காகிதம் சரியில்லாமல் படகில் வந்து பிடிபட்டவர்களை, அவர்கள் எந்த நாட்டுக்காரர்கள் என்று யாரோ எங்கேயோ முடிவு செய்கிற வரைக்கும் அங்கே அடைத்து வைத்திருந்தார்கள். ஆண், பெண், பிள்ளைகள், கிழடுகட்டை எல்லோரும் ஒரே கூடத்தில், நடுவில் ஒரு கித்தான் துணி மறைப்பு, அவ்வளவுதான்.

ஃப்ளோருக்கு ஜன்னல் கிடையாது. வெளிச் சத்தம் உள்ளே வரக்கூடாது, உள்ளே பேசுகிற வசனம் வெளியே போகக்கூடாது என்று சுவர் முழுக்கத் தென்னை நார் வைத்து அதன்மேல் சாக்குத் துணி அடித்திருப்பார்கள். உச்சியில் கூரையோரம் இரண்டு காற்றுப்போக்கி, அதிலும் புறா கூடு கட்டியிருந்தது. ஒரு மூலையில் பழைய செட்டின் சுவர் ஒன்று அப்படியே நின்றது, அதில் அழகாக ஒரு ஜன்னல் வரைந்து, அதற்கு வெளியே நீல வானமும் வரைந்திருந்தார்கள். அந்தக் கூடத்தில் இருந்த ஜன்னல் அது ஒன்றுதான்.

முன்பக்கம் பெரிய இரும்புக் கதவு, எப்போதும் பூட்டு. பின்னால் ஆள் நுழைகிற அளவில் ஒரு மரக்கதவு இருந்தது. இரண்டு ஆண்கள் அது வழியாக ஓடிப்போனதும், வெளியிலிருந்து குறுக்குப் பலகை வைத்து ஆணி அடித்துவிட்டார்கள். ஓடினது இரண்டு பேர், மூச்சு முட்டினது மற்ற எல்லோருக்கும். லாரி லாரியாக ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள், போனவர்கள் யாரையும் நான் பார்க்கவில்லை. படுத்தால் ஒருவர் கால் இன்னொருவர் முகத்தில். சொறி, இருமல், வாந்திபேதி. நான் மருந்துப் பெட்டியோடு உள்ளே போனால் கால் வைக்க இடம் தேடித்தான் நடக்க வேண்டும்.

அங்கேதான் மாரியாயி இருந்தாள். என் வயதுதான் இருக்கும். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். அவள் புருஷனுக்கு இந்தியப் பிரஜை என்று காகிதம் வந்து அவனைக் கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள், இவளுக்கு வரவில்லை. அவன் நீலகிரிப் பக்கம் எங்கேயோ கொழுந்து பறிக்கிறான் என்று தகவல் கிடைத்து, காதில் இருந்த தோட்டை விற்றுப் படகுக்காரனிடம் கொடுத்து வந்து சேர்ந்தாள். கரையிலேயே பிடித்துவிட்டார்கள்.

“அங்க எங்களக் கள்ளத்தோணின்னாங்க மிஸ்ஸி. அப்ப கோவம் வந்திச்சு. இப்ப நெசமாவே கள்ளத்தோணில வந்துட்டேன்” என்று சிரிப்பாள். அவர்கள் ஊரில் நர்ஸை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்களாம். “எங்க லயத்துக் காம்பரா, ஒத்த ரூமு, சின்னதுதான், பத்துப் பேரு இருந்தோம். ஆனா அதுல கூட ஒரு ஜன்னல் இருந்திச்சு. அந்தப் பின்கதவ மட்டும் தொறந்துவிடச் சொல்லுங்க மிஸ்ஸி. நாங்க ஓட மாட்டம். ஓடறதுக்கு எந்த ஊரு தெரியும் எங்களுக்கு?”

உண்மைதான். விடிவதற்கு முன்னால், நாலு பக்கமும் படுதா கட்டிய லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள் அவளை. மெட்ராஸ் என்று பெயர் தெரியும், ஒரு தெருவைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை.

நான் முகாம் அதிகாரியிடம் போய்ச் சொன்னேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. எழுதியும் கொடுத்தேன். மேலே தொங்கிய பழைய ஒயர்களைக் காட்டி, இது தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

“ஏம்மா, நீ ஊசி போட வந்தியா, இன்ஜினியர் வேலை பாக்க வந்தியா?” என்றார். “எடம் போதலைன்னா நான் என்ன பண்ணட்டும், எங்க வீட்டுக்கா கூட்டினு போக முடியும்? மேல இருந்து அனுப்பறாங்க, நான் வாங்கி வெக்கிறேன். கதவத் தொறந்து நாளைக்கு நாலு பேர் ஓடினா எனக்கு வேல போவும். உனக்கு இன்னா?”

அவர் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. அவர் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பதறிப்போய் என்னிடம் மாத்திரை கேட்பார். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். எனக்கு லீவு. அடையாறில் ஒரு சிநேகிதிக்குக் குழந்தை பிறந்திருந்தது, பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பி, தெப்பக்குளத்துக்கு எதிரில் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தேன். சுட்டெரிக்கிற வெயில். எதிர்ச் சாரியில், குளத்தின் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு மாரியாயி நிற்கிறாள்.

வெறுங்கால், முகாமில் கொடுத்த பழுப்புப் புடவை. நம்பினால் நம்புங்கள், எனக்கு அப்போது பயமே வரவில்லை. தப்பித்துவிட்டாள் என்று சந்தோஷம்தான் வந்தது. இவளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், அண்ணி புடவை ஒன்றைக் கட்டச் சொல்லி, ராத்திரி ரயிலில் ஊட்டிப் பக்கம் அனுப்பிவிட வேண்டும் என்று அந்த ஒரு நிமிஷத்தில் முழுத் திட்டமும் போட்டுவிட்டேன். கையை ஆட்டினேன். அவள் ஆட்டவில்லை. நடுவில் ரிக்‌ஷா, சைக்கிள், ஹாரன் அடிக்கிற லாரி, இத்தனைக்கும் மேல், பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி மெதுவாக அவள் குரல் என் காதில் விழுந்தது.

“பின்கதவு, மிஸ்ஸி.”

ரோட்டைத் தாண்டி ஓடினேன். அவள் இல்லை. வேலியோரம் பூ விற்றுக்கொண்டிருந்தவளைக் கேட்டேன், “இங்கே நின்னாளே ஒருத்தி, எந்தப் பக்கம் போனா?”

“இங்க யார்மா நின்னா? நான் காலைலேர்ந்து இங்கதான் குந்தினு கீறேன்” என்றாள். பிறகு மூக்கைச் சுளித்துக்கொண்டு, “இன்னாமா இது, சாக்கு கருகுற நாத்தம்?” என்றாள்.

எனக்கும் அடித்தது அந்த வாடை. வடபழனிப் பக்கம் போகிற பஸ் வந்து நின்றது. ஏறிவிட்டேன். யோசித்து ஏறவில்லை, கால் ஏறியது. பக்கத்து சீட்டில் ஒரு அம்மாள் கம்பிக் கூடையில் கோழி வைத்திருந்தாள், அது கூடை இடுக்கு வழியாக என் முந்தானையைக் கொத்திக்கொண்டே வந்தது, தள்ளிவிடக்கூட எனக்குத் தோன்றவில்லை. பனகல் பார்க்கைச் சுற்றும்போது, சரியான பைத்தியக்காரத்தனம், அப்பா கேட்டால் சிரிப்பார் என்று நினைத்துக்கொண்டேன். ரயில் பாதைக்கு மேலே பாலத்தில் பஸ் ஏறி இறங்கியது. ஸ்டாப்பில் இறங்கினதும் ஓட ஆரம்பித்தேன்.

ஸ்டூடியோ வாசலில் வாட்ச்மேன் கபாலி வேப்ப மரத்தடியில் சாய்ந்திருந்தான். “இன்னா நர்ஸம்மா, ஞாயித்துக்கெயமகூட உட மாட்டியா?”

“கபாலி, ஃப்ளோர் சாவி எங்க?”

“சாவி ஐயா கைல கீது. அவரு ஊட்டுக்குப் போயிகீறாரு. உள்ள அல்லாம் தூங்கினு கீறாங்கோ, ஒரு சத்தம் கூட இல்ல பாரு.”

ஆமாம், ஒரு சத்தமும் இல்லை. சத்தம் வெளியே வராத மாதிரிக் கட்டின இடத்தில் எப்படி வரும்? நான் பின்பக்கம் ஓடி, ஆணி அடித்த பலகையில் கையை வைத்தேன். சுட்டது. வெயில் படாத பக்கம் அது. நிமிர்ந்து பார்த்தேன், காற்றுப்போக்கியிலிருந்து ஊதுபத்திப் புகை மாதிரி மெல்லிசாக ஒரு கோடு. புறா ஒன்றுகூட இல்லை.

என் தொண்டையில் அப்படி ஒரு குரல் இருந்தது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அடுத்த ஃப்ளோரில் செட் போட்டுக்கொண்டிருந்த ஆசாரிகள் கடப்பாரையும் சுத்தியலுமாக ஓடிவந்தார்கள். கபாலி வெறுங்கையாலேயே பலகையைப் பிய்த்தான், கையெல்லாம் ரத்தம். “ஐயோ, ஒரு சத்தம் கூட வர்லியே, ஒரு சத்தம் கூட வர்லியே” என்று அழுதுகொண்டே பிய்த்தான்.

கதவு விழுந்ததும் புகை ஆளைத் தள்ளிக்கொண்டு வந்தது. மேலே ஒயர் பொறி விட்டு நாரில் பிடித்திருக்கிறது. நார் கொழுந்து விட்டு எரியாது, கனன்று கனன்று புகையும். நான் பிணக்குவியலைப் பார்க்கத் தயாராகிவிட்டேன். ஆனால் உள்ளே எல்லோரும் வாயில் ஈரத்துணியை அழுத்திக்கொண்டு, தரையோடு தரையாகக் குப்புறப் படுத்திருந்தார்கள். ஒருவரை ஒருவர் மிதிக்கவில்லை. முதலில் பிள்ளைகள், பிறகு பெண்கள் என்று ஊர்ந்து வெளியே வந்தார்கள். கும்பல் நெரிசலில் ஒருத்தருக்குக்கூட அடி இல்லை.

செத்தது மாரியாயி மட்டும். கதவுக்கு உள்பக்கம், சுவரில் சாய்ந்த மாதிரி விழுந்திருந்தாள். தொட்டேன். உடம்பு சூடு இருந்தது, நாடி இல்லை. ஆசாரிகளோடு சேர்ந்து வெளியே தூக்கிக் கிடத்தி, மூச்சு வர என்னால் ஆனதெல்லாம் செய்து பார்த்தேன். வரவில்லை.

மறுநாள் அதிகாரி டெலிபோனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார், “பெரிசா ஒண்ணும் இல்ல சார், ஒரே ஒரு உயிர்ச்சேதம்தான்.”

விசாரணை நடந்தது. கதவு ஏன் பூட்டியிருந்தது, ஏன் அத்தனை பேரை அடைத்தார்கள், நான் எழுதிக் கொடுத்தது எங்கே போனது, ஒன்றும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் ஒன்றுதான். லீவு நாளில் நீ எதற்கு அங்கே போனாய்? உனக்கு யார் தகவல் சொன்னது? உள்ளே இருப்பவர்கள் தப்பிக்க நீயும் உடந்தையா? செத்துக்கொண்டிருந்தவள் தெப்பக்குளத்தில் வந்து கூப்பிட்டாள் என்று அங்கே போய்ச் சொல்ல முடியுமா? டிபன் கேரியரை மறந்து வைத்துவிட்டேன், எடுக்கப் போனேன் என்றேன். உள்ளே இருந்தவர்கள் விதியை மீறி அடுப்பு மூட்டியதால் விபத்து என்று முடித்தார்கள். எல்லோரையும் அடுத்த ஃப்ளோருக்கு மாற்றினார்கள். அங்கேயும் ஒரு பின்கதவு இருந்தது. ஆணி அடித்தால் பிடுங்கிவிடுகிறார்கள் என்று இந்தத் தடவை செங்கல் வைத்துப் பூசிவிட்டார்கள்.

இதோடு முடிந்திருந்தால், வெயிலில் ஏதோ பிரமை, சாக்கு வாடை எங்கிருந்தோ வந்தது என்று நானே என்னைச் சமாதானப்படுத்தியிருப்பேன். ஆனால் ஆஸ்பத்திரி வார்டில் நல்லம்மா என்று ஒருத்தி இருந்தாள், மாரியாயிக்குப் பக்கத்துப் பாயில் படுத்தவள். அவள்தான் சொன்னாள்.

“புகை வந்ததும் எல்லாரும் முன்கதவுக்கு ஓடப் பாத்தாங்க மிஸ்ஸி. மிதிச்சே செத்திருப்பம். மாரியாயிதான் எந்திரிச்சு நின்னு, ‘படுங்க, எல்லாரும் படுங்க, மிஸ்ஸி வராங்க’ன்னு கத்துனா. ‘பஸ்ஸுல ஏறிட்டாங்க. பக்கத்துல ஒரு கோழி இருக்கு, மிஸ்ஸி சீலையக் கொத்துது’ன்னா. அந்தப் புகையிலயும் புள்ளைங்க சிரிச்சுதுங்க. ‘வட்டமா ஒரு பெரிய பூந்தோட்டம், அதச் சுத்தி வராங்க. மேட்டுல ஏறுது பஸ்ஸு, கீழ ரயில் போவுது. எறங்கிட்டாங்க, ஓடி வராங்க’ன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. படுத்துக்கிட்டுச் சொன்னாப் பின்னால இருக்கிறவங்களுக்குக் கேக்காதுன்னு, நின்னுக்கிட்டே சொன்னா மிஸ்ஸி.”

நின்றுகொண்டே சொன்னதால்தான் செத்தாள். புகை மேலேதானே நிற்கும்.

கோழியைப் பற்றி அதுவரை நான் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. நல்லம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

“நீங்க வாசலுக்கு வந்துட்டீங்கன்னு சொன்னா. திரும்பவும் பேசினா, ஆனா எங்களப் பாத்து இல்ல. ‘ஐயோ, மிஸ்ஸிக்குத் தலையெல்லாம் வெளுத்துப் போச்சே. இது இந்தக் கதவு இல்லையே, வேற கதவு. உள்ள எம்புட்டு ஆளுக’ன்னா. அப்படியே சரிஞ்சுட்டா. உங்களுக்குத் தலை கறுகறுன்னுதானே இருக்கு மிஸ்ஸி?”

எனக்கு அப்போது முப்பதுகூட ஆகவில்லை.

ரிட்டயர் ஆகி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. இந்த வயதில் என்ன அலங்காரம் என்று பேத்திகள் கேலி செய்கிறார்கள், டாக்டரும் தோலுக்கு ஆகாது, நிறுத்துங்கள் என்கிறார். நான் கேட்பதில்லை. மாசம் தவறாமல் தலைக்குச் சாயம் பூசிக்கொள்கிறேன். வேரில் ஒரு வெள்ளை தெரிந்தாலும் அன்றைக்குத் தூக்கம் வராது. பேப்பரில் எங்கேயாவது முகாம், இடநெருக்கடி என்று ஒரு மூலையில் போட்டிருந்தால் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிடுவேன். ஆனால் சில நாள் சாயக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் அப்படியே உட்கார்ந்துவிடுகிறேன். நான் இப்படி மையைப் பூசிப் பூசி அந்த நாளைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறேன், அந்தக் கதவுக்கு உள்ளே இருப்பவர்களிடம் யாராவது நின்றுகொண்டு, படுங்க, மிஸ்ஸி வராங்க என்று சொல்லிக்கொண்டிருந்தால்?