மரச்சீப்போடு அக்ராவில்

அக்ரா நகரத்தை நான் முதலில் நடந்து பார்த்தது ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சனில். எழுபதுகளின் நடுப்பகுதி. இரும்பு வார்க்கும் தொழிற்சாலையின் விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவன் கானா நாட்டுக்காரன், அக்ராவில் பிறந்தவன். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஊரில் கடைகண்ணி எல்லாம் சாத்திக் கிடக்கும். போக்கிடம் இல்லாத நாங்கள் இரண்டு பேரும் நடப்போம். ரயில் நிலையத்தைக் காட்டி, "இதுதான் எங்கள் மகோலா சந்தை" என்பான். கடைத்தெருதான் கடலை ஒட்டிப் போகும் பெருவீதி. தேவாலயக் கோபுரம்தான் கப்பல்களுக்கு வழிகாட்டும் வெளிச்சவீடு. அதற்குப் பின்னால் மூன்றாவது முடக்கில் ஒரு வேப்பமரம், நீலக் கதவு, அவனுடைய தாய்வீடு. உண்மையில் அந்த இடத்தில் கரி படிந்த மதிலும் குப்பைத் தொட்டியும்தான் நின்றன.

மதிலுக்கு முன்னால் போய் நிற்பான். எனக்குக் குளிரில் காது விறைக்கும். "வாடா, அம்மா வீட்டில் இல்லைப் போல" என்று பகிடி விடுவேன். சிரித்துக்கொண்டு திரும்புவான்.

ஒரு மாரிகாலத்தில் தொழிற்சாலையில் பாரந்தூக்கியின் சங்கிலி அறுந்து, தூக்கிய இரும்பு அவன் மேல் விழுந்தது. உடலை ஊருக்கு அனுப்ப ஒருவரும் முன்வரவில்லை. அங்கேயே புதைத்துவிட்டு வீட்டுக்கு ஒரு தந்தி அடித்தார்கள். நாய் செத்தாலும் இதைவிடக் கூடுதலாகக் கவலைப்படுகிற ஊர் அது. அன்றைக்கு வந்த வெறுப்பு எனக்கு இன்னும் ஆறவில்லை. அவனுடைய சட்டை ஒன்றையும், தாய் கொடுத்துவிட்ட மரச்சீப்பையும் எடுத்து வைத்தேன். பிள்ளையைத்தான் பார்க்கக் கிடைக்கவில்லை, இவையாவது அந்தத் தாயின் கைக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்காகவே வேலையை விட்டு, ஹம்பேர்க்கில் மேற்கு ஆபிரிக்காவுக்குப் போகும் சரக்குக் கப்பலில் ஏறினேன்.

புறப்படும் முன் பக்கத்து அறையிலிருந்த எங்கள் ஊர்ப்பக்கத்து ஆள், சாவகச்சேரி அண்ணை வந்தார்.

"செத்தவன்ரை சாமான், தம்பி. அப்பிடியே கொண்டு போகாதை. துடக்கு, தீட்டு. நல்லாத் தோய்ச்சுக் கழுவிக் கொண்டுபோய்க் குடு."

"ஓம் அண்ணை" என்றேன்.

சட்டையை அவித்துத் தோய்த்தேன். சீப்பின் பற்களுக்கிடையே அவனுடைய சுருட்டை மயிர் சிக்கியிருந்தது. ஊசியால் ஒவ்வொன்றாகக் கிண்டி எடுத்துக் குப்பையில் போட்டு, சவர்க்காரம் பூசித் தேய்த்தேன். சீப்பு புதிது போல வந்தது. எனக்குத் திருப்தியாக இருந்தது.

தேமா துறைமுகத்தில் இறங்கி, பஸ் பிடித்து, மகோலாவுக்கு வந்தேன். ரயில் நிலையம் நிற்க வேண்டிய இடத்தில் தக்காளியும் கருவாடும் குவிந்து கிடந்தன. தலையில் தட்டங்களோடு பெண்கள் என்னை இடித்துக்கொண்டு போனார்கள். யாரிடமும் வழி கேட்கவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. திறந்த வாய்க்கால்கள் நாறின. பெருவீதி வந்தது, வெளிச்சவீடு வந்தது, மூன்றாவது முடக்கு வந்தது. வேப்பமரத்தைக் கண்டதும் தெருவில் நின்றே அழுதேன்.

நீலக் கதவைத் திறந்தவர்கள் என்னை முற்றத்தில் இருத்தி முதலில் தண்ணீர் தந்தார்கள். வந்தவர் குடித்து முடித்த பிறகுதான் வந்த காரியம் கேட்பது அங்கே வழக்கம். தாய்க்கு ஆங்கிலம் தெரியாது. அவனுடைய தமக்கை மொழிபெயர்த்தாள். சட்டையையும் சீப்பையும் தாயிடம் கொடுத்தேன். தாய் சட்டையை விரித்து முகர்ந்தாள். பிறகு சீப்பை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பற்களுக்கிடையே நகத்தால் துழாவினாள்.

"என்ன தேடுகிறா?" என்று கேட்டேன்.

"தலைமயிர்" என்றாள் தமக்கை. "உடல் வராவிட்டால் மயிரும் நகமுமாவது வர வேண்டும். அதை இங்கே புதைத்தால்தான் அவன் வீடு வந்து சேர்ந்ததாக அர்த்தம். ஒரு மயிர் போதும்."

தாய் என்னைப் பார்த்து ஏதோ கேட்டாள்.

"கழுவியது யார் என்று கேட்கிறா."

"நான்தான்."

தாய் எழுந்து வந்து சீப்பை என் கையில் வைத்து விரல்களை மூடினாள். கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"'இதில் என் பிள்ளை இல்லை. நீயே கொண்டு போ' என்கிறா" என்றாள் தமக்கை.

வெளியே வந்தபோது எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியவில்லை. அந்த வீட்டுக்கு வருகிற வழியை மட்டும்தான் அவன் எனக்குச் சொல்லித் தந்திருந்தான்.