பாத்ரூம் கூரையில் கண்ணீர் அஞ்சலி

“ஏனுங் பெரியப்பா, செத்தது நானா, நீங்களா? என்ற போட்டோவ விட உங்க போட்டோ ஏனுங் இவ்வளவு பெருசா இருக்குது?”

அன்புக்கரசிக்கு அப்போது பதினேழு வயது. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு ஆட்டோவில் வந்து இறங்கியவள், வீட்டுக்குக்கூடப் போகவில்லை. பீளமேட்டில் பழைய மில்லுக்குப் பின்னால் இருக்கும் அந்தத் தெருமுனையில், லைட் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டாள். கம்பத்தில் கட்டிய ஃப்ளெக்ஸில் அவள் முகம் ஒரு ரோஜாப்பூ வட்டத்துக்குள் சிரித்தது. மேலே ‘கண்ணீர் அஞ்சலி’. கீழே இறந்த தேதி. அதற்கும் கீழே வெள்ளைச் சட்டையும் கும்பிட்ட கையுமாகப் பெரியப்பா பிரான்சிஸ், அவள் முகத்தைப் போல மூன்று பங்கு.

“கட்டுன ஆளு பவானிக்குப் போயிட்டானாமா. வந்ததும் அவுத்துப்போடச் சொல்றேங் கண்ணு. இதுக்குப் போயி நடுரோட்டுல சண்ட போடறயா?”

“நாந்தான் சாவலயே!”

“அதுக்கு நான் என்ன பண்டறது?”

வாயிலிருந்து விழுந்த பிறகுதான் மனுஷனுக்கு உறைத்தது. ஆனால் திருப்பி எடுக்கவில்லை. பிரான்சிஸுக்குத் திருப்பி எடுத்துப் பழக்கமில்லை. தெருவில் ஜெபக் கூட்டம் நடத்துகிறவர், கோயில் திருவிழாவில் கொடி பிடிக்கிறவர், எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஃப்ளெக்ஸ் அவருடையதுதான்.

நடந்தது இவ்வளவுதான். பத்தாவதில் பள்ளிக்கூடத்திலேயே இரண்டாவதாக வந்த பிள்ளை, பிளஸ் டூவில் புத்தகத்தைத் திறக்கவில்லை. சோறு வைத்தால் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலை வாரவில்லை. அழுதாலாவது கேட்கலாம், அழவும் இல்லை. அம்மா மந்திரிக்கக் கூட்டிப்போனாள். அப்பா ஜெரோம் காலேஜ் கேட்டில் செக்யூரிட்டி, இரண்டு ஷிப்ட் நின்றுவிட்டு வந்து படுத்துக்கொண்டார். பிரான்சிஸ் ஜெபக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும், “செபமாலை சொல்லாத புள்ளைக்கு வார சோம்பேறித்தனம் இது” என்று தீர்ப்புச் சொன்னார். அது சோம்பேறித்தனம் இல்லை, வியாதி. வியாதி என்று சொல்ல அந்தத் தெருவில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. ஒரு நாள் மத்தியானம் அவள் உயிரை விடப் பார்த்தாள். பக்கத்து வீட்டு உம்மல் குல்சும் பார்த்துவிட்டுக் கூச்சல் போட்டு, தன் மகன் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனதால் பிழைத்தாள்.

டாக்டர்கள் அவளை ஐசியுவுக்குள் கொண்டுபோனதும் ஜெரோம் தன் அண்ணன் பிரான்சிஸுக்குப் போன் போட்டார். “புள்ள உள்ள போயிருச்சுங்ணா” என்றார். அந்தப் பக்கம் பஸ் ஹாரன். பிரான்சிஸின் காதில் ‘போயிருச்சு’ மட்டும் விழுந்தது. எங்கே போயிற்று, எப்போது போயிற்று, உயிரோடு இருக்கிறதா, ஒரு வார்த்தை கேட்டாரா? இல்லை. போனை வைத்துவிட்டு நேராக ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனார். அங்கே மட்டும் ஆறுக்கு நாலா, எட்டுக்கு ஆறா, பின்னால் மேகம் வேண்டுமா, மெழுகுவர்த்தி வேண்டுமா என்று அரை மணி நேரம் கேள்வி கேட்டார்.

ஃப்ளெக்ஸை அவிழ்க்கப் பவானிக்காரன் வரவே இல்லை. அம்மா ஸ்டூல் போட்டு ஏறி அறுத்துக்கொண்டு வந்தாள். நல்ல தடித்த ஷீட், எறிய மனம் வரவில்லை. பின்கட்டில் பாத்ரூமுக்குப் போட்டிருந்த கீற்று மக்கி ஒழுகிக்கொண்டிருந்தது. அதன் மேல் விரித்துக் கல் வைத்தாள். மாடி வீட்டுக்காரர்கள் பார்த்து ஏதாவது சொல்வார்கள் என்று எழுத்துப் பக்கத்தைக் கீழே போட்டாள். அடுத்த மாதம் கீற்று முழுக்க உதிர்ந்து விழுந்தது. அன்றிலிருந்து அன்புக்கரசி தினமும் காலையில் தன் கண்ணீர் அஞ்சலிக்குக் கீழே உட்கார்ந்து குளித்தாள்.

“ஏம்மா, இதத் திருப்பித்தான் போட்டா என்ன?”

“திருப்பிப் போட்டா ஊரே பாக்குமே சாமி.”

“இப்ப நாம் பாக்கறனே!”

“நீ கண்ண மூடிக்க.”

முதல் ஒரு மாதம் கண்ணை மூடித்தான் குளித்தாள். கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் மனநல டாக்டர் மாத்திரை எழுதியிருந்தார். வாராவாரம் போய் அவர் முன்னால் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் திரும்பி வந்தாள். மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்ததோ என்னவோ, ஒரு நாள் சோப்பு நுரையோடு நிமிர்ந்து பார்த்தாள். தன் முகத்தைத் தாண்டிப் பெரியப்பாவின் கும்பிட்ட கை தெரிந்தது. பத்து விரலில் மூன்று மோதிரம். என் சாவுக்கு மோதிரம் போட்டுக்கொண்டு போட்டோ பிடித்திருக்கிறான் இந்த ஆள் என்று ஒரு ஆத்திரம் கிளம்பியது. எட்டு மாதமாக மரத்துக் கிடந்த உடம்பில் முதன்முதலாகச் சுட்டது அதுதான். ஞானஸ்நானம் வாங்கிய நாளிலிருந்து எத்தனையோ ஜெபம் உதட்டால் சொல்லியிருக்கிறாள். அன்றைக்குத்தான் மனசாரச் சொன்னாள்.

“ஆண்டவரே, அந்த ஆளுக்கு முன்னாடி என்னய எடுத்துறாத.”

மறுநாள் காலையில் கண் விழித்தாள். கேட்டது கிடைத்திருந்தது. அதற்கடுத்த நாளும் கிடைத்தது. கேட்கிறதற்கு ஒருத்தர் மேலே இருக்கிறார், கொடுக்கவும் செய்கிறார் என்று அவளுக்கு விசுவாசம் வந்தது இப்படித்தான். டாக்டரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, “நல்லது, சாப்பிட்டியா, தூங்குனியா, அதச் சொல்லு” என்றார். அன்றைக்கு ஒரு மணி நேரம் பேசினாள். மாத்திரை இரண்டு வருஷம் போயிற்று. பிளஸ் டூவை மறுபடி எழுதினாள். ஒரு பம்ப் மோட்டார் கம்பெனியில் கம்பிச் சுருள் சுற்றப் போனாள். செம்புக் கம்பியை ஒரு சுற்றுக் கூடாமல் குறையாமல் சுற்றுகிற கை அவளுக்கு.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் பெரியப்பாவுக்கு நேர் பின் பெஞ்சில் உட்காருவாள். பூசை நடுவில் எல்லாரும் முன்னும் பின்னும் சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரத்தில் அவர் திரும்பியே ஆக வேண்டும்.

“சமாதானமுங் பெரியப்பா. உசுரோடதான் இருக்கறேன்.”

அவர் காது சிவக்கும். எட்டு வருஷம் ஒரு ஞாயிறு தவறவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சாமியார் மன்னிக்கச் சொன்னார். “மன்னிக்கறனுங் சாமி, அவசரமில்லீங்” என்றாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அன்றைக்குப் போனில் கேட்காத கேள்வியை அந்த ஆள் தன் வாயால் கேட்க வேண்டும். புள்ள உசுரோட இருக்குதா? அந்த மூன்று வார்த்தைகூட வராத வாய்க்குக் கொடி எதற்கு, கூட்டம் எதற்கு?

போன ஆவணியில் ஒரு சாயங்காலம், பிரான்சிஸ் செருப்பில்லாமல் அவள் வாசலில் வந்து நின்றார்.

“அம்மிணி, மதிவதனி கதவச் சாத்திட்டுக் கெடக்கறா. மூணு நாளாச் சோறு திங்கல. உன்னயாட்டவே, அந்த வருசம் நீ இருந்தயே…” மதிவதனி அவருடைய ஒரே மகள். பதினாறு வயது.

இந்த நேரத்துக்கென்றே அன்புக்கரசி ஒரு வாக்கியத்தை எட்டு வருஷமாக நாக்கில் வைத்திருந்தாள். ‘என்ற கிட்ட ஏனுங் வந்தீங்க, ஃப்ளெக்ஸ் கடைக்குப் போங்க.’ வாய் திறந்துவிட்டது. ஆனால் மதிவதனியின் முகம் ஒரு ரோஜாப்பூ வட்டத்துக்குள் சிரிப்பது கண்ணில் பட்டது. மோதிரக் கை கும்பிட்டுக்கொண்டு கீழே நின்றது. இந்த ஆளுக்கு இன்னொரு ஃப்ளெக்ஸா? விட்டேனா பார்!

“நவுருங்க அக்கட்டால” என்று அவரை இடித்துக்கொண்டு இறங்கினாள்.

மதிவதனியின் கதவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். “கண்ணு, நான் அன்பு. நான் புத்தி சொல்ல வரல. எனக்கு வந்ததுதான் உனக்கும் வந்துருக்குது. இதுக்கு டாக்டர் இருக்கறாங்க. நான் கூட்டிட்டுப் போறேன்.”

கதவில் காதை வைத்தாள்.

“சாவணும்னு தோணுதா?”

“யேய்! வாயக் கழுவு, என்ன கேக்கற!” என்று பிரான்சிஸ் பதறினார்.

“நீங்க கேக்காததத்தான் கேக்கறேன். சும்மாருங்க.”

“தோணுதுக்கா” என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

“சரி. எனக்கும் தோணுச்சு. இப்ப தோணறதில்ல. ஒத்தயில இருக்காத, கதவத் தொற. இன்னொண்ணு சொல்றேன் கேட்டுக்க. நீ செத்தீன்னா உங்கொப்பன் பத்துக்கு எட்டுல ஃப்ளெக்ஸ் போடுவாரு. அதுல உன்ற மூஞ்சி இத்தினியூண்டு இருக்கும்.”

உள்ளே மூக்கை உறிஞ்சுகிற சத்தம். அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. தாழ்ப்பாள் விலகியது.

அதே கவர்மென்ட் ஆஸ்பத்திரி, அதே டாக்டர், முடி மட்டும் நரைத்திருந்தது. மதிவதனியை அறைக்குள் கூட்டிக்கொண்டு கதவைச் சாத்தினார்கள். வெளியே பெஞ்சில் பிரான்சிஸும் அன்புக்கரசியும். அவர் போன் அடித்தது. பவானியில் துக்கத்துக்குப் போயிருந்த பெரியம்மா.

“புள்ள உள்ள போயிருச்சு” என்றார் பிரான்சிஸ்.

அந்தப் பக்கம் ஓவென்று ஒரு அலறல் கிளம்பியது.

“ஐயோ, இல்ல! உள்ள! உள்ளன்னனே, டாக்டரம்மா ரூமுக்குள்ள! புள்ள நல்லாருக்குது, ஆண்டவரே, நல்லாருக்குது!” எழுந்து நின்று வராண்டா முழுக்கக் கேட்கக் கத்தினார். போனை வைத்தார். மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தார்.

“இன்னும் சத்தமாச் சொல்லுங் பெரியப்பா. காது மந்தமானவிக யாராச்சும் கம்பத்துல கட்டிப்போடப் போறாங்க.”

பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார். துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழுதார். அவள் தண்ணீர்கூட வாங்கிக் கொடுக்கவில்லை. அழட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நன்றாக இருந்தது, பொய் சொல்வானேன்.

“கண்ணு,” என்றார் கடைசியில், “அன்னிக்கு நான் கேட்டிருக்கோணும். புள்ள உசுரோட இருக்குதாடான்னு ஒத்த வார்த்த கேட்டிருக்கோணும்.”

“இப்பக் கேளுங்க.”

“புள்ள… நீ உசுரோட இருக்கறயா சாமி?”

“இருக்கறனுங் பெரியப்பா. உங்களுக்கு அப்பறமும் இருப்பேன்.”

மதிவதனி இப்போது மாத்திரை சாப்பிடுகிறாள், பாதி இட்லியும் சாப்பிடுகிறாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அன்புக்கரசி பக்கத்தில்தான் உட்காருகிறாள். அன்புக்கரசியின் ஜெபமும் கொஞ்சம் மாறியிருக்கிறது. அந்த ஆளைச் சீக்கிரம் எடுத்துவிடாதே ஆண்டவரே, நாங்கள் இரண்டு பேரும் வாழ்வதைத் தொண்ணூறு வயது வரைக்கும் உட்கார்ந்து பார்க்கட்டும் என்கிறாள்.

ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த மறு வாரம் பாத்ரூம் கூரையிலிருந்து ஃப்ளெக்ஸை இறக்கிக் கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டினாள். தன் முகம் இருந்த பாதியைக் குப்பை வண்டியில் போட்டாள். வண்டிக்காரர் ராமுலு படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இந்தப் புள்ள செத்துப்போச்சுங்களா?”

“இல்லீங், பொழச்சுக்குச்சு.”

பெரியப்பாவின் பாதியை எறியவில்லை. குளித்துவிட்டு வந்தால் கால் வைக்கப் பாத்ரூம் வாசலில் விரித்துப் போட்டாள். மோதிரக் கை மேலே பார்த்துக் கும்பிட்டபடி கிடக்கிறது. கூரைக்கு எட்டடித் தகர ஷீட் இரண்டு வாங்கினாள், ஆணியோடு சேர்த்து ஆயிரத்து எண்ணூற்று நாற்பது ரூபாய்.