சம்பந்தியே வந்தாலும் உங்கள் அறை உங்களுக்கே

அண்ணன் நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அண்ணனைப் பற்றித் தங்கைதான் எழுத வேண்டும் என்று அண்ணியார் சொல்லிவிட்டார். "நான் எழுதினா வெறும் அழுகையா இருக்கும். நீ எழுதினா கொஞ்சம் சண்டையாவது இருக்கும்" என்றார். அவர் சொன்னது சரிதான். என் வாய் எப்படிப்பட்டது என்று இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர் பலருக்கும் தெரியும். இல்லாததைப் புகழ்ந்து எழுத எனக்கு வராது. எழுதினால் அண்ணனுக்கே பிடிக்காது.

சாத்தூருக்குக் கிழக்கே ஒரு கரிசல்காட்டு ஊரில் அண்ணன் பிறந்தார். அப்பா மஞ்சள் காமாலையில் இறந்தபோது அண்ணனுக்குப் பதினாறு வயது, எனக்கு நான்கு. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அப்பாவும் அண்ணன்தான். ஐ.டி.ஐ. முடித்து, ஊர்க்காரர் ஒருவர் வழியாக ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தார். வேலை நிரந்தரமானதும் முதல் காரியமாக அம்மாவையும் என்னையும் அழைத்துக்கொண்டார். அங்கே ஒரு பக்கத்து வீடு தெலுங்கு, மறுபக்கத்து வீடு கன்னடம். ஆறே மாதத்தில் அண்ணன் இரண்டிலும் பேச ஆரம்பித்துவிட்டார். அந்தப் பேச்சைப் பார்த்துத்தான் மெஷினிலிருந்து அவரை ஆபீசுக்கு மாற்றினார்கள். வெளியூரிலிருந்து வரும் இன்ஜினியர்களுக்கும் ஆடிட்டர்களுக்கும் லாட்ஜில் அறை ஏற்பாடு செய்வது அவர் பொறுப்பானது.

இரண்டாயிரம் பிறந்த பிறகு, ஊரெல்லாம் பிரவுசிங் சென்டர் முளைத்த காலத்தில், அண்ணன் அந்த நிரந்தர வேலையை விட்டார். ஓசூர், கிருஷ்ணகிரி லாட்ஜுகளின் அறைகளை இன்டர்நெட் வழியாகப் பதிவு செய்து தரும் நிறுவனத்தைத் தொடங்கினார். அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த ஒரு லாட்ஜின் மேனேஜர் தெலுங்குக்காரர். அவர் அண்ணனிடம், "ஏன் சார், ரூமு கம்ப்யூட்டர்ல போகுது, சரி. சாவி எதுல போவும்?" என்று கேட்டுச் சிரித்தார். பின்னாளில் அதே மேனேஜர்தான் அண்ணனுக்கு வலது கை.

விளம்பரத்துக்கு அண்ணன் கண்டுபிடித்த வழி வேடிக்கையானது. இன்டர்நெட் கம்பெனிக்குச் சிவகாசியில் தினசரி காலண்டர் அடித்தார். வெப்சைட் முகவரியைப் பெரிதாகப் போட்டு, ஒவ்வொரு தொழிற்சாலையின் ரிசப்ஷனிலும் தன் கையாலேயே ஆணி அடித்து மாட்டிவிட்டு வருவார். "வெப்சைட்ட மறந்துருவாங்க. தேதி பாக்காம இருக்க முடியுமா?" என்பார். லாட்ஜ் அறையைப் படம் எடுத்தால் குளியலறையையும் சேர்த்தே எடுத்துப் போடுவார். அதைப் பார்த்து யாராவது வேறு இடம் போனாலும் அவருக்குக் கவலையில்லை. மேனேஜரிடம் போனில் பேசி உறுதி செய்யாமல் 'கன்ஃபர்ம்' என்ற மெயில் யாருக்கும் போகாது. போய்விட்டால் அதற்குப் பிறகு அது அண்ணனுடைய பொறுப்பு.

ஒரே ஒருமுறை அந்தக் காலண்டரே அவரைக் கவிழ்த்தது. முகூர்த்த நாட்களில் லாட்ஜ் அறைகளைக் கல்யாண வீட்டார் மொத்தமாக எடுத்துக்கொள்வார்கள் என்பதால், அந்தத் தேதிகளைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டு, அன்றைக்குப் பதிவு வாங்க மாட்டார். ஆடியில் ஒரு வட்டம்கூட இல்லை. ஆடியில் யார் கல்யாணம் வைப்பார்கள்? லாட்ஜெல்லாம் ஈ ஓட்டிக்கொண்டிருக்கும் என்று நம்பி, 'ஆடிச் சலுகை' என்று விளம்பரம் செய்தார். தன் வழக்கத்தைத் தானே மீறி, மேனேஜர்களைக் கேட்காமல் கன்ஃபர்ம் மெயில்களை அனுப்பினார். எங்கள் சாத்தூர்ப் புத்தி அது. தெலுங்கு, கன்னடக் குடும்பங்களுக்கு மாதம் அமாவாசைக்கு மறுநாள் பிறக்கிறது. நமக்கு ஆடி பாதி மிச்சம் இருக்கும்போதே அவர்களுக்குச் சிராவணம் வந்து, முகூர்த்தமும் வந்துவிடும். அவர்கள் மொழியைப் பேசக் கற்ற அண்ணன் அவர்கள் காலண்டரைப் பார்க்கத் தவறிவிட்டார்.

அந்த ஆண்டு வைகாசியில்தான் என்னை மதுரையில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். தலை ஆடிக்கு ஓசூர் வந்திருந்தேன். ஆடிப் பதினெட்டில் தாலி பிரித்துக் கோர்ப்பதற்காக என் கணவரும், மாமனார் மாமியாரும் முதல் நாளே வந்தார்கள். எங்கள் வாடகை வீட்டில் இரண்டே அறை. அதனால் அவர்களுக்காகப் பஸ் ஸ்டாண்டு லாட்ஜில் இரண்டு நல்ல அறைகளை அண்ணன் ஒரு மாதம் முன்பே சொல்லி வைத்திருந்தார். மறுநாள் எல்லோரும் கெலவரப்பள்ளி அணைக்குப் போய் வருவதாகவும் ஏற்பாடு.

நானும் அண்ணனும் அவர்களை அழைத்துக்கொண்டு லாட்ஜுக்குப் போனோம். ரிசப்ஷன் முழுக்கப் பட்டுப்புடவைக் கூட்டம், மல்லிகைப்பூ வாசம். நடுவில் புனேயிலிருந்து வந்த ஆறு இன்ஜினியர்கள், அண்ணன் அனுப்பிய மெயிலைப் பிரிண்ட் எடுத்துக் கையில் பிடித்தபடி நின்றார்கள்.

"என்ன மேனேஜர், ஆடியில இத்தனை கூட்டம்?" என்றார் அண்ணன்.

"ஆடி உங்களுக்குத்தானே சார்! எங்களுக்குச் சிராவணம் பொறந்து நாலு நாளாச்சு. ஊர்ல ஒரு ரூமு இல்ல. கிருஷ்ணகிரி வரைக்கும் போன் போட்டுக் கேட்டுட்டேன். உங்க வீட்டு ஆளுங்களுக்கு வச்ச ரூமு ரெண்டுதான் சார் இருக்குது."

மேனேஜர் இரண்டு சாவிகளையும் மேசைமேல் வைத்தார். அண்ணன் அந்த ஆறு பேர் கையிலிருந்த மெயிலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சாவிகளை எடுத்து அவர்களிடம் கொடுத்துவிட்டு, என் மாமனாரிடம் வந்து கைகூப்பினார். "மன்னிச்சுக்கோங்க மாமா. அவங்க என் பேச்சை நம்பி வந்தவங்க. நாம வீட்டுல இருந்துக்கலாம்."

அத்தை, அதாவது என் மாமியார், குரலை உயர்த்தவில்லை. "நாங்க யார் பேச்சை நம்பி வந்தோம் தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் எங்கள் வீட்டில் தாலி பிரித்துக் கோர்த்தார்கள். சாப்பிட்டு முடித்ததும், அணைக்குப் போகாமல் மூவரும் மதுரைக்குப் பஸ் ஏறிவிட்டார்கள். ஆடி முடிந்தால் அழைத்துப் போக வருவார்கள் என்று நான் பெட்டியைக் கட்டி வைத்தேன். ஆவணி போனது. புரட்டாசியும் போனது. "என்னம்மா, இன்னும் மதுரைக்குப் போகலையா?" என்று தெருவே கேட்டது. தலை தீபாவளிக்குத் தனியாக வந்த என் கணவர்தான் திரும்பும்போது என்னைக் கூட்டிப் போனார். அந்த மூன்று மாதமும் அண்ணன் என் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. நானும் விடவில்லை. "வாழப் போன பொண்ண வீட்டுல உக்கார வச்சிட்டு, ஊருக்கெல்லாம் ரூம் போடுறியா?" என்று ஒருநாள் கேட்டேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போய்விட்டார்.

ஆனால் நிறுவனம் வளரத் தொடங்கியது அந்த நாளிலிருந்துதான். புனேக்காரர்கள் நடந்ததைத் தங்கள் கம்பெனியில் போய்ச் சொன்னார்கள். அந்தக் கம்பெனி ஆட்கள் தெற்கே எங்கு வந்தாலும் அண்ணன் மூலமே அறை எடுத்தார்கள். அவர்களைப் பார்த்து வேறு கம்பெனிகளும் வந்தன. மெக்கானிக் ஷாப் மாடியில் ஒற்றை அறையாக இருந்த ஆபீஸ், ராயக்கோட்டை ரோட்டில் இரண்டு மாடிக் கட்டடத்துக்கு மாறியது. அங்கே தமிழ், தெலுங்கு, கன்னடக் காலண்டர் மூன்றையும் அண்ணன் வரிசையாக மாட்டினார். கோவையிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் கிளை திறந்தார். விளம்பரத்துக்கென்றே பெங்களூரிலிருந்து ஒருவரை வேலைக்கு வைத்தார்.

அந்த விளம்பரக்காரர் சேர்ந்த பிறகு வந்த புத்தாண்டுக்கு நிறுவனத்தின் காலண்டர் மதுரையில் எங்கள் வீட்டுக்கும் தபாலில் வந்தது. ஆசையாகப் பிரித்தேன். அட்டையில் கொட்டை எழுத்தில், 'சம்பந்தியே வந்தாலும் உங்கள் அறை உங்களுக்கே!' என்று போட்டிருந்தது.

அத்தை அதை வாங்கிப் படித்தார். கிழிக்கவில்லை, தூக்கி எறியவும் இல்லை. "நம்மளப் பத்தித்தான் போட்டிருக்காக. நாலு பேரு பாக்குற மாதிரி மாட்டு" என்றார். ஓராண்டு முழுக்க அது கூடத்தில் தொங்கியது. தினமும் காலையில் தேதி கிழிப்பது என் வேலை. உண்மையைச் சொன்னால், சித்திரைக்குள் அத்தைக்கு அது சிரித்துச் சொல்லும் கதையாகிவிட்டது. எனக்குத்தான் ஆகவில்லை. என் மூன்று மாதக் கண்ணீரை விளம்பரமாக்கிவிட்டாரே என்று அண்ணனோடு பேசுவதை நிறுத்தினேன். அவர் புதுவீடு கட்டிப் பால் காய்ச்சியபோதும் போகவில்லை. போன் செய்தால் எடுத்து என் கணவரிடம் கொடுத்துவிடுவேன். நான்கு ஆண்டுகள் இப்படியே போயின. இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சென்ற ஆண்டு, அண்ணனுக்கு இதயம் பலவீனமாகிவிட்டது, பெங்களூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்று அண்ணியார் போனில் அழுதபடி சொன்னார். ஓடினேன். ஆள் பாதியாக இளைத்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து உட்காரப் பார்த்தார். மதியம் அண்ணியார் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் அவராகவே பேச்சை எடுத்தார்.

"சாவி கொடுத்தது தப்புன்னு இன்னைக்கும் எனக்குத் தோணல தாயி. அவங்க ஊரு பேரு தெரியாம வந்தவங்க. ஆனா அந்தக் காலண்டரு… அந்த விளம்பரத்துக்காரர் எழுதிக் காமிச்சப்ப ஆபீஸே சிரிச்சது. நானும் சேந்து சிரிச்சேன். நீ மூணு மாசம் வீட்டுல உக்காந்திருந்தது அப்ப எனக்கு ஞாபகம் வரல. பெறகுதான் உறைச்சது."

நான் மாத்திரை டப்பாவைத் திறந்தேன்.

"கோவம் போயிருச்சா?" என்றார்.

"மொதல்ல மாத்திரையப் போடு" என்று டம்ளரைக் கையில் கொடுத்தேன். போட்டுக்கொண்டு, என்னையே பார்த்தபடி படுத்திருந்தார். மறுநாள் காலையில் அண்ணன் இல்லை.

ஓசூரில் தகனம் முடிந்து, தெற்கேயிருந்து வந்திருந்த அத்தனை உறவினரும் குளித்துத் துணி மாற்ற இடமில்லாமல் தவித்தோம். சுடுகாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு அறை கொடுக்க எந்த லாட்ஜும் தயங்கும். பஸ் ஸ்டாண்டு லாட்ஜ் மேனேஜர் ஒரு வார்த்தை கேட்காமல் மாடி முழுவதையும் திறந்துவிட்டார். அவரைப் பார்த்து மற்ற லாட்ஜ்காரர்களும் திறந்தார்கள். அவர்களுக்கு எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. அண்ணனைக் கடைசிவரை கவனித்த மருத்துவர்களுக்கும் நர்சுகளுக்கும், இன்று நிறுவனத்தை நடத்தும் அண்ணியாருக்குத் துணை நிற்கும் ஊழியர்களுக்கும், பதினாறாம் நாள் வரை என் அம்மாவின் பக்கத்தை விட்டு நகராமல் இருந்த என் அத்தைக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன்.

உறவினர்களுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். இனி உள்ள இரண்டு வரி அண்ணனுக்கு.

அண்ணே, நீ கேட்ட அந்த நிமிஷமே கோவம் போயிருச்சு. உடனே சொல்லிட்டா நாலு வருஷம் பேசாம இருந்ததுக்கு என்ன மரியாதைன்னு, நாளைக்குச் சொல்லிக்கலாம்னு இருந்துட்டேன்.