மூன்றாவது வரிசையில் இரண்டு நாலு

கணக்கு டீச்சருக்கே நான் கணக்குச் சொல்லிக்கொடுத்த காலம் ஒன்று உண்டு. எனக்கு அப்போது பத்து வயது. என்னிடம் படித்தது என் அம்மா. மாணவி என்ற முறையில் அவளைப் பற்றி நல்லதாகச் சொல்ல அதிகம் இல்லை. எத்தனை முறை சொன்னாலும் மண்டையில் ஏறாது, சொன்னதையே மறுபடி சொல்லச் சொல்வாள், நடுநடுவே பாடத்துக்குச் சம்பந்தமில்லாமல் பேசுவாள்.

அம்மா அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். நான் ஆறாம் வகுப்புக்குப் போன வருடம் அவளுக்குப் பதவி உயர்வு வந்தது. வந்த உயர்வு தனியாக வரவில்லை, சங்கரன்கோவிலுக்குப் பக்கத்தில் ஓர் ஊரையும் சேர்த்துக் கொண்டுவந்தது. வேண்டாமென்று எழுதிக்கொடுத்தால் மறுபடி வரிசையில் கடைசிக்குப் போய் நிற்க வேண்டுமாம். அப்பாவும் அம்மாவும் நான்கு நாள் அதைப் பேசினார்கள். ஐந்தாம் நாள் அம்மா பெட்டி அடுக்கினாள். இரண்டாவது சனிக்கிழமையும் நான்காவது சனிக்கிழமையும் வந்துவிடுவேன் என்று சொல்லி, செங்கல்பட்டு வீட்டின் காலண்டரில் அந்தத் தேதிகளைச் சுற்றி எனக்காகவே வட்டம் போட்டுவிட்டுப் போனாள். மீதித் தேதிகளை நான் என்ன செய்வது என்று சொல்லவில்லை.

அப்பாவுக்கு மறைமலைநகரில் வேலை. விடியற்காலை ஐந்தரைக்குக் கம்பெனி பஸ். மாலை ஆறு மணிக்கு வந்து சமைப்பார். அவர் வைத்த சாம்பாருக்கும் ரசத்துக்கும் நிறத்தில்தான் கொஞ்சம் வித்தியாசம். எனக்குத் தலைபின்னிவிடுவது கீழ்வீட்டு அக்கா. எல்லாம் நடந்தது, எதுவும் குறையில்லை. ஆனால் பள்ளி விட்டு வந்து பூட்டைத் திறந்ததும் வீட்டுக்குள்ளிருந்து யாரும் "யாரு?" என்று கேட்காத அந்த ஒரு நொடியை நான் வெறுத்தேன். பல நாள் நானே "நான்தான்" என்று சொல்லிக்கொண்டு உள்ளே போனேன்.

வீட்டுக்கு வந்துகொண்டிருந்த ஆங்கிலப் பேப்பர் அம்மாவுடையது. அவள் போன பிறகு அதைப் படிக்க ஆளில்லை. நிறுத்தச் சொல்ல அப்பாவுக்கும் மனம் வரவில்லை. அது பாட்டுக்கு வந்து மடிப்புக் கலையாமல் அலமாரியில் சேர்ந்தது. அந்தப் பேப்பரில்தான் ஒரு நாள் சுடோகு வர ஆரம்பித்தது. ஒன்பதுக்கு ஒன்பது கட்டம். அதற்குள் மூன்றுக்கு மூன்றாக ஒன்பது பெட்டிகள். சில கட்டங்களில் எண் இருக்கும், மீதியை நாம் நிரப்ப வேண்டும். எந்த வரிசையிலும், மேலிருந்து கீழாகவும், எந்தப் பெட்டியிலும் ஒரே எண் இரண்டு தடவை வரக்கூடாது. அவ்வளவுதான் சட்டம்.

முதல் பத்து நாள் நான் பேனாவில் போட்டேன். தோன்றிய எண்ணைத் தோன்றிய இடத்தில் எழுதினேன். பாதி நிரம்பும் வரை எல்லாம் ஒழுங்காகப் போகும். பிறகு ஒரு மூலையில் இரண்டு ஏழு முறைத்துக்கொண்டு நிற்கும். எங்கே தப்பு ஆரம்பித்தது என்று தேடவே முடியாது. அடித்து, கிழித்து, அழுதுகூட இருக்கிறேன். அதன் பிறகு பென்சிலுக்கு மாறினேன். மெல்ல மெல்ல வழி புலப்பட்டது. காலையில் வாசலிலேயே நின்று பேப்பரைக் கையில் வாங்கிக்கொள்வேன். பேப்பர் போடுகிறவர் சைக்கிளை நிறுத்தாமலே கேட்பார், "இன்னா பாப்பா, தெனம் வாசல்லயே நின்னுகினு கீற? பரீட்ச ரிசல்ட்டா வருது?"

அம்மா இருந்த ஊருக்கு இந்தப் பேப்பர் வராது. இன்னொரு டீச்சரோடு சேர்ந்து ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தாள். தினமும் மாலை ஏழு மணிக்கு அப்பாவின் செல்போனில் கூப்பிடுவாள். முதல் மாதம் எங்களுக்குப் பேச ஒன்றும் கிடைக்கவில்லை. சாப்பிட்டியா, சாப்பிட்டேன். படிச்சியா, படிச்சேன். அதற்குமேல் எனக்கு வாய் வராது. சொல்ல ஆரம்பித்தால் அழுகை வந்துவிடும் என்று போனை அப்பாவிடம் கொடுத்துவிடுவேன். ஒரு நாள் பேச்சு வாக்கில் சுடோகு பற்றிச் சொன்னேன். அது என்னவென்றே தனக்குத் தெரியாது என்றாள் அம்மா. எனக்குச் சொல்லிக்கொடேன் என்றாள்.

அன்றிலிருந்து நான் டீச்சரானேன். தினமும் ஏழு மணிக்குப் பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்காருவேன். முதலில் அன்றைய கட்டத்தை அவளுக்கு வாசிக்க வேண்டும். "முதல் வரிசை. காலி, காலி, அஞ்சு, காலி, ஒண்ணு..." அவள் நோட்டில் கட்டம் போட்டு எழுதிக்கொள்கிறாள் என்று எனக்கு எண்ணம். எண்பத்தொரு கட்டமும் சொல்லி முடித்த பிறகுதான் பாடம்.

எதிலே எண்கள் நிறைய விழுந்திருக்கிறதோ அந்தப் பெட்டியை முதலில் பிடி, காலியிடம் குறைவாக இருந்தால் வேலை சுலபம் என்பேன். பிறகு ஒரே ஓர் எண்ணை மட்டும் எடுத்துக்கொள், அஞ்சை எடுத்துக்கொள் என்பேன். மேலே மூன்று பெட்டிகள். முதல் பெட்டியில் அஞ்சு முதல் வரிசையில் இருக்கிறது. நடுப் பெட்டியில் இரண்டாவது வரிசையில் இருக்கிறது. அப்படியானால் கடைசிப் பெட்டியில் அஞ்சு மூன்றாவது வரிசையில்தானே இருந்தாக வேண்டும்? அங்கே ஒரு கட்டம்தான் காலியென்றால் கண்ணை மூடிக்கொண்டு எழுது. இரண்டு கட்டம் காலியென்றால் எழுதாதே, மூலையில் சின்னதாகப் பென்சிலில் குறித்துவை. வீட்டில் சாவி தொலைந்தால் எப்படித் தேடுவோம்? எங்கெல்லாம் இருக்க முடியாது என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வருவோம், அது மாதிரிதான். எது வேண்டுமானாலும் செய், ஊகத்தில் மட்டும் எழுதிவிடாதே.

இவ்வளவும் சொன்ன பிறகு மறுமுனையிலிருந்து வரும், "இன்னொருவாட்டி சொல்லும்மா, மூணாவது வரிசை. மெதுவா."

மறுபடி வாசிப்பேன். அவளுக்கு ஓர் எண் கிடைப்பதற்குள் எனக்கு உயிர் போய்விடும். எனக்கு ஐந்து நிமிடத்தில் தெரிந்தது அவளுக்கு அரைமணி ஆகும். இப்படி ஒரு மக்குக்கு எந்த அரசாங்கம் பதவி உயர்வு கொடுத்தது என்று வியந்தேன். அப்பா அடுப்படியிலிருந்து கரண்டியோடு எட்டிப் பார்த்துக் கேலி செய்வார், "இன்னா டீச்சரம்மா, உன் ஸ்டூடன்ட் இன்னிக்காவது பாஸாகுமா?" ஆனால் போனைத் தனக்குக் கொடு என்று அவர் கேட்டதில்லை. அவருடைய முறை கடைசி இரண்டு நிமிடம்தான்.

அம்மாவுக்கு வகுப்பில் ஒரு பழக்கம் உண்டு. கரும்பலகையில் வேண்டுமென்றே ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவள்போல் திரும்பி நிற்பாள். யார் கண்டுபிடித்துக் கை தூக்குகிறார்களோ அவர்கள் விழித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மற்றவர்கள் உட்கார்ந்தபடி தூங்குகிறார்கள். சின்ன வயதில் அவளுடைய பள்ளிக்கு நான் போயிருந்தபோது இதை நேரிலேயே பார்த்திருக்கிறேன். ஒரு டீச்சர் என்ற முறையில் எனக்கும் அதைச் செய்து பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

ஐப்பசி மாதம். ஒரு புதன்கிழமை. மூன்றாவது வரிசையில் இரண்டாவது கட்டத்தில் ஒரு நாலு இருந்தது. கடைசிக் கட்டத்தில் ஒன்பது. வாசிக்கும்போது அந்த ஒன்பதை நாலு என்று மாற்றிச் சொன்னேன். ஒரே வரிசையில் இரண்டு நாலு. எழுதுகிற யாருக்கும் கை தானாக நின்றுவிடும். நான் காத்திருந்தேன்.

"ஏம்மா, குரல் ஏன் கம்மிக்கினு இருக்கு? ஏரிக்கரையில மழையில நனைஞ்சியா?" என்றாள் அம்மா.

நனையவில்லை என்றேன். முந்தின நாள் கொளவாய் ஏரிப் பக்கம் நன்றாகவே நனைந்திருந்தேன். அதுவா இப்போது பேச்சு? மூன்றாவது வரிசையைத் திரும்பவும் சொல்லவா என்று கேட்டேன். சொல்லு என்றாள். இரண்டு நாலையும் அழுத்தி, நிறுத்திச் சொன்னேன். "ம்" என்றாள். அடுத்த வரிசைக்குப் போகலாம் என்றாள். அந்த "ம்" எனக்கு இன்றும் காதில் இருக்கிறது.

அவள் எழுதவே இல்லை. எனக்குப் பளிச்சென்று புரிந்தது. இத்தனை மாதமும் நான் தொண்டை வறள வாசித்ததை அவள் காதில்கூட வாங்கவில்லை. அங்கே வேறு ஏதோ வேலை பார்த்துக்கொண்டு சும்மா "ம்" கொட்டியிருக்கிறாள். அவளுக்கு அந்த ஊரில் வேறு பிள்ளைகள் இருக்கிறார்கள், நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள், நான் எதற்கு? எனக்கு வந்த அழுகையைக் கோபமாக மாற்றிக்கொண்டு, "நீ ஒண்ணும் கத்துக்க வேணாம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் ஏழு மணிக்கு மணி அடித்தது. நான் எழுந்திருக்கவில்லை. அப்பா எடுத்துப் பேசினார். என்னைப் பார்த்தார். மாட்டேன் என்று நான் தலையாட்டியதும், நான் தூங்கிவிட்டதாக அம்மாவிடம் சொன்னார். அன்று இரவு காய்ச்சல் வந்தது. வெள்ளிக்கிழமை பள்ளிக்குப் போகவில்லை. மாலையில் போன் அடித்தபோது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அடித்து முடிக்கும் வரை எண்ணிக்கொண்டிருந்தேன். இந்த முறை அப்பா போனை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கடைக்குப் போயிருந்தார்.

சனிக்கிழமை காலை கண் விழித்தபோது நெற்றியில் ஒரு கை இருந்தது. அது வட்டம் போடாத சனிக்கிழமை. பஸ்ஸில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து வந்த புடவை, கலைந்த தலை, கையில் சின்னப் பைகூட இல்லை. அப்பா கூப்பிட்டுச் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. ஆனால் டீச்சர் அப்படி இறங்கி வரக்கூடாது. புதன்கிழமைப் பேப்பரை எடுத்துக் காட்டி, இரண்டு நாலு சொன்னேன், நீ கண்டுபிடிக்கவே இல்லை என்றேன்.

"கவனிக்கலை டீச்சர். தப்புதான்" என்று உள்ளங்கையை நீட்டினாள். ஸ்கேல் எடுத்து ஓர் அடி வைத்தேன். நிஜமாகவே கொஞ்சம் வலிக்கும்படிதான் வைத்தேன். அவள் கையை உதறிவிட்டுச் சிரித்தாள், பிறகு பக்கத்தில் படுத்துக்கொண்டு, சேர்ந்து போடலாமா என்றாள்.

போர்வைக்குள் படுத்தபடி இருவரும் போட்டோம். அவள் விரல் ஒரு காலிக் கட்டத்தின் மேல் போய் நிற்கும். சரியான கட்டம். பிறகு சட்டென்று விலகி, வேறெங்கோ தடவிக்கொண்டிருக்கும். "இது இன்னா வரும், தெரியலையே" என்பாள். நான் சொல்வேன். ஆகா என்பாள். அப்படி நாலைந்து தடவை நடந்தது. நான் அதைப் பார்த்தேன், எதுவும் நினைக்கவில்லை.

ஞாயிறு மாலை பைபாஸ் ஓரத்தில் மூவரும் நின்றோம். காய்ச்சல் விட்டிருந்தது. ஒவ்வொரு பஸ்ஸின் பலகையையும் நான் வாசித்தேன், சங்கரன்கோவில் பஸ் வந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டே வாசித்தேன். அது வரத்தான் வந்தது. ஏறுவதற்கு முன்னால் நாளைக்கு ஏழு மணிக்குப் பாடம் உண்டா என்று கேட்டாள். உண்டு, ஆனால் கவனம் வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னேன். பஸ்ஸின் பின்பக்கச் சிவப்பு விளக்கு கண்ணிலிருந்து போகும் வரை அப்பா ஸ்கூட்டரைக் கிளப்பவில்லை.

இரண்டு வருடம் கழித்து அவளுக்குக் கருங்குழிப் பக்கம் மாற்றல் கிடைத்தது. தினமும் போய் வந்தாள். பள்ளி விட்டு நான் பூட்டைத் திறந்த காலம் முடிந்தது. வேடிக்கை என்னவென்றால், அவள் வீட்டுக்கே வந்துவிட்ட பிறகு நாங்கள் ஒரு நாள்கூடச் சேர்ந்து சுடோகு போட்டதில்லை. யாருக்கும் அது ஞாபகம் வரவில்லை.

என் கல்யாணம் மாமல்லபுரத்தில் நடந்தது. மறுநாளே நான் புனேவுக்குக் கிளம்ப வேண்டும். சாப்பாட்டுப் பந்தி முடிந்து கடற்காற்றில் உட்கார்ந்திருந்தபோது, அம்மாவோடு அந்த அறையில் தங்கியிருந்த டீச்சர் என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவு தூரத்திலிருந்து வந்திருந்தார். அந்தச் சின்னப் பிள்ளையா இது என்று கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். பேச்சு சுடோகுவுக்கு வந்தது.

"எங்க ரூமுக்குள்ள டவர் கிடைக்காதும்மா. உங்கம்மா தெனமும் மொட்டைமாடியில தண்ணித்தொட்டி ஓரமா இருட்டுக்குள்ள நிப்பாவோ. ஒரு கையில போனு, மறு கையால கொசு அடிச்சுக்கிட்டு. நானே கேட்டிருக்கேன், டீச்சர், பேப்பரும் இல்ல பேனாவும் இல்ல, என்னத்தக் கணக்குப் போடுதியன்னு. அவ சொல்லிக்கினு இருக்கட்டும் டீச்சர்னு சொல்லுவாவோ. ஒரு வாரம் நீ பேசலன்னதும் மனுஷி சோறு திங்கலயே. வெள்ளிக்கிழம போன எடுக்கலன்னதும், பிள்ளைக்கு உடம்பு சரியில்லன்னு கட்டின புடவையோட ஓடுனாவோ."

வாரமில்லை, இரண்டு நாள்தான் என்று நான் திருத்தவில்லை. அப்பாவைத் தேடிப் போய்க் கேட்டேன், அன்றைக்கு நீங்கள்தானே போன் பண்ணி எனக்குக் காய்ச்சல் என்று சொன்னீர்கள் என்று. அவர் யோசித்துப் பார்த்தார். "நான் சொல்லலையேம்மா. சொன்னா பயப்படுவான்னு வுட்டுட்டேன்" என்றார். தூரத்தில் அம்மா வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பை கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் போய்க் கேட்க வேண்டுமென்று இருந்தது. கூட்டம் விடவில்லை, பிறகு நான் கிளம்பிவிட்டேன், இன்றுவரை கேட்கவில்லை.

அன்றைக்கு நான் வைத்த பரீட்சையில் அம்மா தோற்றுப்போனாள் என்றுதான் அத்தனை வருடமும் நினைத்திருந்தேன். மூன்றாவது வரிசையில் இரண்டு நாலு இருந்தது அவளுக்குத் தெரியவில்லை, உண்மைதான். எனக்குச் சளி பிடித்திருப்பது எனக்கே தெரியாதபோது, ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு தண்ணீர்த்தொட்டி ஓரம் இருட்டில் நின்றிருந்தவளுக்கு அது தெரிந்திருந்தது.