ஆளில்லாத மேல்தளம்

நான் கதை கட்டுகிறேன் என்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். இது நடந்தது. அதுவும் பட்டப்பகலில். பேய்க்கு இருட்டு வேண்டும் என்பதெல்லாம் கரையில் இருப்பவர்கள் சொல்லிக்கொள்ளும் ஆறுதல்.

ஆழ்கடலில் எத்தனை திமிங்கலம், எத்தனை டால்பின் என்று மதிப்பிடப் போயிருந்தோம். படகில் ஏழு பேர். தலைவர் புரொபசர். கடலைப் பார்ப்பதற்கு முன்பே அறிக்கையை எழுதி முடித்துவிட்ட மேதை. அதில் அவர் படம் நான்கு. திமிங்கலத்தின் படம் ஒன்றுகூட இல்லை.

படகு கோடு போட்டதுபோல் நேராகப் போகும். கீழ்த்தளத்தில் நான், மேல்தளத்தில் இன்னொருவர். தனித்தனியாக எண்ண வேண்டும், பேசிக்கொள்ளக் கூடாது. ஒருவர் கோட்டை விட்டதை மற்றவர் தாள் காட்டிக்கொடுக்கும்.

மேல்தளத்துக்காரரைக் கழுகு என்போம். அப்படியொரு கண். அன்று காலை எட்டு மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கேபினில் சுருண்டுவிட்டார்.

“சார், திரும்பிடலாம். அண்ணனுக்கு ரொம்ப முடியல.”

“கோடு முடியாம படகு திரும்பாதுப்பா. கடல் ஒத்துக்கல, அவ்வளவுதான். அவன் தாளை நானே நிரப்பிக்கறேன். உன் வேலை நிரந்தரமாகணுமா, வேணாமா?”

கீழ்த்தளத்துக்குப் போய் எண்ண ஆரம்பித்தேன். மேல்தளம் காலி.

11.12. தலைக்கு மேலே ஒரு சத்தம்.

டிக்.

எண்ணும்போது கட்டைவிரலால் அமுக்குவோமே, அந்தக் கவுண்டர்.

கடலைப் பார்த்தேன். ஒரு டால்பினின் முதுகுத் துடுப்புகூடத் தெரியவில்லை.

டிக்... டிக்...

11.15. ஆறு முறை. நின்றுவிட்டது.

ஏறினேன்.

யாருமில்லை...

தாள் மட்டும். கழுகின் கையெழுத்து. மை காயவில்லை.

நேரம்: 11.12. தூரம்: சுழியம். இனம்: மனிதர். உயிருடன்: ஆறு.

நாங்கள் ஏழு பேர்.

கேபினுக்கு ஓடினேன். அண்ணன் கண் திறந்தே இருந்தது. கை விறைத்திருந்தது...

புரொபசர் தாளை வாங்கினார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் படித்தார். ‘மனிதர்’ என்பதை அடித்து ‘டால்பின்’ என்று எழுதினார்.

“வந்த ஆறை எதுக்கு விடணும்?”

கீழே கையெழுத்துப் போட்டது நான்தான்.

கரையில் டாக்டர் பார்த்தார். உடனே திரும்பியிருந்தால் பிழைத்திருப்பார் என்றார். பிறகு கடிகாரத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டார்.

“ஒன்பதரைக்கு மேல இவர் உயிரோட இல்லை.”