கூடவே வந்த பள்ளத்தாக்கு

என் அப்பா, எங்கள் வழக்கில் அத்தா, கூடலூரில் ஜீப் ஓட்டியவர். ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்களைக் காலையில் ஏற்றிக்கொண்டு குமுளி மலைப்பாதையில் ஏறுவார்; சாயங்காலம் அவர்களோடு இறங்கி வருவார். எங்கள் வீட்டில் யாரும் கடலைப் பார்த்து வளர்ந்ததில்லை. நான் முதன்முதலாகக் கடலைப் பார்த்ததே கல்லூரிச் சுற்றுலாவில்தான். நிலவியல் படித்தால் மலைப்பக்கம் வேலை கிடைக்கும் என்று அம்மா நம்பியிருந்தாள். கிடைத்தது கொச்சியில், கடலடித் தரையை அளக்கும் கப்பலில்.

“கடல்ல தண்ணிதான இருக்கு, அங்கன போயி என்னத்த அளக்கப் போற?” என்றாள்.

“தண்ணிக்குக் கீழ தரை இருக்கும்மா. அதுலயும் மேடு பள்ளம் இருக்கு.”

“இங்கன இல்லாத மேடு பள்ளமா?”

அத்தாதான் பேருந்து நிலையம் வரைக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

அந்த முதல் பயணம், கேரளக் கரைக்கு அப்பால் கடல் சட்டென்று ஆழமாகும் இடத்தில், பழங்காலத்தில் சேறு எங்கெல்லாம் சரிந்து இறங்கியது என்று பார்ப்பதற்காக. கப்பலின் அடிவயிற்றில் ஒரு சோனார் கருவி. அது விசிறி மாதிரி இரண்டு பக்கமும் ஒலியை அனுப்பும். தரையில் பட்டுத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்பதைக் கொண்டு ஆழத்தைக் கணக்கிடுவோம். வயலில் உழுவது போலக் கப்பல் வரிசை வரிசையாகப் போய்த் திரும்பும். ஒவ்வொரு வரிசைக்கும் திரையில் ஒரு பட்டை தரை விரியும்.

மூன்றாம் நாள் காலையில் திரையில் ஒரு பள்ளத்தாக்கைக் கண்டேன். நடுவில் நீளமான தாழ்வு, இரண்டு பக்கமும் மெதுவாக எழும் கரை. கிழக்கிலும் மேற்கிலும் மலையைப் பார்த்தபடி பள்ளிக்கூடம் போன பெண் நான். அந்த வடிவத்தைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அன்றைய குறிப்பேட்டில் நேர்த்தியான கையெழுத்தில் எழுதினேன்: நீண்ட பள்ளத்தாக்கு, தொடர்கிறது.

சாப்பாட்டு மேசையில் எங்கள் தலைமை ஆய்வாளர் அம்மையார் அதைப் படித்துவிட்டு, “இந்த இடத்தில் இதுவரை யாரும் பள்ளத்தாக்கு பார்த்ததில்லையே” என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சோற்றை இன்னொரு தடவை வாங்கிக்கொண்டேன்.

மதியத்துக்குப் பிறகு கப்பல் வரிசை முடிந்து திரும்பியது. நான் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பள்ளத்தாக்கும் திரும்பியது. கப்பல் எந்தப் பக்கம் வளைந்ததோ அந்தப் பக்கமே வளைந்து, நடுத் தாழ்வு சரியாக எங்களுக்குக் கீழேயே இருந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த கருவிப் பொறுப்பாளர், தொடுபுழாக்காரர். என் வயதுதான், ஆனாலும் அக்கா என்கிற மாதிரி ‘சேச்சி’ என்றுதான் கூப்பிடுவார். தேநீரைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: “சேச்சி, உங்க பள்ளத்தாக்கு நம்ம கூடயே வருது.”

தரை கப்பலோடு நகராது; தப்பு எங்கள் கணக்கில். தண்ணீரின் வெப்பத்துக்கும் உப்புக்கும் ஏற்ப ஒலியின் வேகம் மாறும். முந்தைய நாள் அளந்த வேகத்தையே நாங்கள் வைத்துக்கொண்டிருந்தோம். இடையில் கரையில் பெய்த மழையின் ஆற்றுநீர் கடல்மேல் பரவியிருந்தது. வேகம் தப்பினால் விசிறியின் ஓரங்களில் கணக்கு தப்பும். தட்டையான தரையும் இருபுறமும் தூக்கிக்கொண்டு நிற்கும். பாடத்தில் படித்ததுதான். ஆனால் அந்த வடிவம் எனக்கு அவ்வளவு பழக்கமாக இருந்தது.

கப்பலை நிறுத்தி, ஒலியின் வேகம் அளக்கும் கருவியைக் கம்பியில் இறக்கினார்கள். புதிய எண்களைக் கொடுத்ததும் பள்ளத்தாக்கு தோசைக்கல் மாதிரித் தட்டையானது. நான் அம்மையாரிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. “அடிச்சிட்டுப் பக்கத்துல சரியானதை எழுதுங்க. பக்கத்தைக் கிழிச்சிராதீங்க” என்றார், அவ்வளவுதான். அடித்த வரியைப் பார்க்கும்போது எனக்கு அழுகை வந்தது. மேல்தளத்தில் போய்க் கொஞ்ச நேரம் காற்று வாங்கிவிட்டு வந்தேன்.

அதுவரை அளந்த வரிசைகளை எல்லாம் திருத்தும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். இரண்டு நாள் ஆனது. பொய்க் கரைகள் ஒவ்வொன்றாக இறங்கிப் போக, ஆழம் தொடங்கும் ஓரத்தில் ஒரு படி மட்டும் இறங்காமல் நின்றது. மூன்று மாடி உயரம் இருக்கும். பக்கத்துப் பக்கத்து மூன்று வரிசைகளிலும் அதே இடத்தில் இருந்தது. கப்பல் போன திசைக்குக் குறுக்காக ஓடியது. ஒரு நாள் முழுக்க யாரிடமும் சொல்லவில்லை. பிறகு தொடுபுழாக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவர் திரையில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். “இது நம்ம கூட வரல்லை சேச்சி. அங்கேயே நிக்குது.”

அம்மையார் அதன்மேல் வேறு திசையில் இன்னொரு ஓட்டம் போகச் சொன்னார். படி அசையவில்லை. எப்போதோ ஒரு பெரிய சேற்றுப் பாளம் பிய்ந்து ஆழத்துக்குச் சரிந்திருக்கிறது. அது பிய்ந்த விளிம்பு இது. குழாய் இறக்கி அங்கிருந்து சேறு எடுத்தபோது, சாம்பல் நிறத்தில் வழுவழுவென்று வந்த அந்தச் சேற்றை எல்லோரையும் முந்திக்கொண்டு தொட்டுப் பார்த்தேன்.

விடுமுறையில் வரைபடத்தின் அச்சுப் படியை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அத்தா அதைக் கட்டிலில் விரித்து வைத்துக்கொண்டார்.

“தண்ணி எங்கன?”

“தண்ணி இருக்காது அத்தா. தண்ணிய எடுத்துட்டா இப்பிடித்தான் தெரியும்.”

“ஆரு எடுத்தாக?” என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து.

அது அத்தா காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. விரலை அந்தப் படியின்மேல் வைத்து மேலே நகர்த்தினார். “இந்த எடத்துல செகண்ட் கியருகூட இழுக்காது. பர்ஸ்ட்டுதான்.”

கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக உயரத்தைப் பல மடங்கு கூட்டிக் காட்டுவோம், உண்மையில் அந்தச் சரிவு குமுளிப் பாதை அளவுக்கெல்லாம் செங்குத்து கிடையாது என்று சொன்னேன். அவர் கொஞ்சம் ஏமாந்துதான் போனார்.

“அப்ப லோடோடயே போயிரலாம்னு சொல்லு.”

“போயிரலாம்.”

கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் மாவட்டத்திலேயே பழனிசெட்டிபட்டியில் இருக்கிறேன். வருடத்தில் இரண்டு மாதம் கப்பல். மற்ற நாட்களில் கடலிலிருந்து வரும் அளவுகளை மாடி அறையில் உட்கார்ந்து திருத்துகிறேன். காலையில் வீட்டு வேலை முடித்து, கணவர் கடை திறக்கப் போனதும் கணினியைத் திறந்தால் மதியச் சாப்பாடு வரைக்கும் அரபிக்கடல்தான்.

போன தை மாதம் கப்பல் கொச்சித் துறைமுகத்தில் நின்றபோது அம்மா, அத்தா இருவரையும் அழைத்துப் போனேன். தொடுபுழாக்காரர் அம்மாவுக்கு நாற்காலி போட்டு, பால் விடாத கட்டன் சாயா கொண்டுவந்து கொடுத்தார். தோட்ட வேலைக்குப் போய்வந்த பெண்களிடம் கேட்டுப் பழகிய மலையாளத்தில் அம்மா அவரிடம் மழை, மிளகு விலை, அவர் மனைவியின் பிரசவம் எல்லாம் விசாரித்துவிட்டாள். பிறகு என்னைக் கூப்பிட்டு, ஆழம் அளக்கும் அந்தக் கருவியைக் காட்டு என்றாள். அது கப்பலுக்கு அடியில், தண்ணீருக்குள் இருக்கிறது என்றேன். எழுந்து போய்த் தளத்தின் ஓரக் கம்பியைப் பிடித்தபடி எட்டிப் பார்த்தாள். கலங்கிய துறைமுகத் தண்ணீரில் ஒரு மரக்கட்டை மிதந்துகொண்டிருந்தது.

“ஒண்ணும் தெரியலையே.”

“தெரியாதும்மா.”

“தெரியாமத்தான் இம்புட்டுப் பேரு இங்கன வேல பாக்குறீகளாக்கும்” என்றாள். அத்தா அதற்குள் இயந்திர அறைக்கு இறங்கும் படியைக் கண்டுபிடித்து, பாதி இறங்கிவிட்டிருந்தார்.